இரட்டை வேகத்தில் ஒரு பாட்டு

பத்து வருடம் ஸ்டில் கேமராவோடு திரிந்தவன் நான். கல்யாணம், காதுகுத்து, நகைக்கடை கேட்லாக், எப்போதாவது பத்திரிகைக்குச் சில படங்கள். முதன்முதலாக ஒரு மியூசிக் வீடியோவுக்குக் கூப்பிட்டபோது, ஃபோட்டோதானே, கொஞ்சம் அசையும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

சென்னைக்குத் தெற்கே கோவளம் கடற்கரை. யூனிட் என்று சொல்ல ஐந்து பேர். நம் பக்கம் சூரியன் கடலில் உதிப்பதால் காலையில் ஒரு சிக்கல் உண்டு. பாடகன் கடலைப் பார்த்து நின்றால் முகத்தில் வெளிச்சம் விழும், ஆனால் பின்னால் தெரிவது கரையும் பெட்டிக்கடையும். கடலைப் பின்னால் வைத்தால் முகம் கருத்துவிடும். அதற்கு வெளிச்சத்தை முகத்தில் திருப்பியடிக்கும் தெர்மாகோல் பலகைதான் மருந்து. பிடித்து நின்ற பையனையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தது காற்று. எட்டு மணிக்கு மேல் வெயில் கண்ணுக்குக் கீழே கறுப்புக் குழி விழவைக்கும் என்பதால் எல்லாமே அவசரம்.

"அண்ணே, ஸ்லோமோஷன்ல கெத்தா வரணும்ணே" என்றான் பாடகன். கேமராவை நொடிக்கு 48 ஃப்ரேமில் வைத்தேன். ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டோம். அவன் உருகி உருகி வாயசைத்தான். மானிட்டரில் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து டைம்லைனில் போட்டபோதுதான் வயிற்றைக் கலக்கியது. 48 ஃப்ரேமில் எடுத்ததை 24-ல் ஓட்டினால் அலை அழகாக மெதுவாகிறது, முடி பறக்கிறது, உதடும் மெதுவாகிறது. பாட்டு மட்டும் தன் வேகத்தில் போகிறது. பல்லவி முடிந்த பிறகும் அவன் முதல் வரியை மென்றுகொண்டிருந்தான்.

சினிமாவில் பாட்டு எடுத்தவர்களுக்கு இது அரிச்சுவடி. 48-ல் எடுத்தால் செட்டில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட வேண்டும். பாடகர் அந்தக் கீச்சுக்குரலுக்கு வாயசைப்பார். படத்தைப் பாதி வேகத்தில் ஓட்டும்போது உதடு சரியாக வந்து உட்கார்ந்துகொள்ளும், மற்றதெல்லாம் மிதக்கும். கோல்ட்ப்ளே குழுவின் 'யெல்லோ' வீடியோ 2000-இல் வந்தது. இங்கிலாந்தின் ஸ்டட்லண்ட் கடற்கரையில் பாடகர் ஒரே ஷாட்டில் நனைந்தபடி நடந்து வருவாரே, அதில் இருப்பதும் இதே வித்தைதான். அதைப் பலமுறை பார்த்திருந்தேன். உதட்டைப் பார்த்ததில்லை.

ஃபோட்டோவில் நேரம் என் கையில். நொடியில் 125-இல் ஒரு பங்கு, அது எந்தப் பங்கு என்பதை நான் தீர்மானிப்பேன். மணப்பெண் கண்ணைத் துடைக்கும் வரை காத்திருப்பேன். பாட்டு யாருக்காகவும் காத்திருக்காது. நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் தட்டுக்கு 12 ஃப்ரேம், 90 என்றால் 16. என் காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் கணக்குக்குள் அடங்கியாக வேண்டும். ஸ்டில்லில் இருந்து வருகிறவன் விட்டுக்கொடுக்கக் கஷ்டப்படுவது இந்த ஒன்றைத்தான்.

பிறகு கணக்கை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். ராப் பாடுகிறவரை இரண்டு மடங்கு வேகத்தில் வாயசைக்கச் சொன்னால் நாக்கு பின்னிக்கொள்ளும். அதற்கு 30 ஃப்ரேம், பாட்டு ஒன்றேகால் வேகம். பார்ப்பவருக்கு ஸ்லோமோஷன் என்றே தோன்றாது, நடையில் மட்டும் ஒரு கனம் ஏறியிருக்கும். எனக்கு இப்போது மிகவும் பிடித்தது அதுதான். அலைச் சத்தத்தில் கேமராவின் மைக்குக்குப் பாட்டு கேட்காது, அதனால் எடிட்டில் படத்தைப் பாட்டோடு பொருத்த, ஒவ்வொரு டேக்குக்கும் லென்ஸ் முன்னால் கைதட்ட வேண்டும். நம் ஊர் மின்சாரத்தில் ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 50-இல் ஒரு பங்கிலோ 100-இல் ஒரு பங்கிலோ வைத்தால் தப்பிக்கலாம், 60-இல் வைத்தால் படத்தில் பட்டை ஓடும். எடிட்டில் ஒவ்வொரு தட்டுக்கும் வெட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். தாளத்தைக் காதே சொல்லிவிடுகிறது, கண்ணும் அதையே ஒப்பிக்க வேண்டுமா?

அந்த முதல் வீடியோ என்ன ஆயிற்று? மறுபடி எடுக்கப் பணமில்லை. முன்பணம் கேமரா வாடகைக்கே போய்விட்டது. இரண்டு இரவு உட்கார்ந்து, உதடு தெரியாத துண்டுகளாகப் பொறுக்கினேன். முதுகு, ஈரமணலில் பாதம், சூரியனுக்கு எதிரே கருத்த உருவம், தெர்மாகோல் பையன் களைத்துப்போய்ப் படகில் சாய்ந்திருந்தது. பெரும்பாலும் டேக்குகளுக்கு நடுவே கேமராவை அணைக்க மறந்து எடுத்தவை. காத்திருந்து பார்க்கும் பழைய ஸ்டில் புத்தி அங்கேதான் ஒளிந்திருந்தது.

போட்டுக் காட்டியபோது பாடகன் தயங்கினான். "நான் பாடினதெல்லாம் எங்கண்ணே?"

"முகம் தெரியலேன்னாதான் தம்பி, பாட்டு நிக்கும்" என்றேன், கூசாமல்.

நம்பிவிட்டான். பார்த்தவர்களும் புது மாதிரி இருக்கிறது என்றார்கள். அதைக் காட்டித்தான் எனக்கு அடுத்த மூன்று வேலைகள் கிடைத்தன. உண்மைக் காரணத்தை அவனுக்கு இன்றுவரை சொல்லவில்லை. தம்பி, இதைப் படித்தால் ஃபோன் போடு. நீ பாடிய டேக்குகள் எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கின்றன.