தல்லாகுளத்தில் இரண்டு ஆட்சி முறைகள்

மதுரைக்கு வரும் யாத்திரிகர்களில் பெரும்பாலோர் மீனாட்சியம்மனைத் தரிசித்துத் திருமலை நாயக்கர் மகாலையும் பார்த்துவிட்டு ரயிலேறி விடுகிறார்கள். வையைப் பாலத்தைக் கடந்து வடகரையிலுள்ள தல்லாகுளத்துக்கு வருவோர் சிலரே. சித்திரைத் திருவிழாவில் மட்டும் இவ்வூருக்கு உலகமே திரண்டு வரும். அழகர்மலையிலிருந்து எழுந்தருளும் கள்ளழகரை ஜனங்கள் எதிர்கொண்டு சேவிக்கும் எதிர்சேவை இங்கே நடைபெறுகிறது. அன்றிரவு பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் தங்கும் பெருமாள், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையை அணிந்து மறுநாள் வையையில் இறங்குகிறார்.

இன்று நேயர்களை நாம் அழைத்துச் செல்வது கோயிலுக்கன்று. அதே தல்லாகுளத்தில், அறிஞர் அண்ணா மாளிகை என்னும் பெயருடன் மதுரை மாநகராட்சியின் தலைமை அலுவலகம் இருக்கிறது. வீட்டு வரிக்கும் குடிநீர்க் குழாய்க்குமாக இப்படி ஏறுகிறவர்கள், தாங்கள் ஓர் அரசியல் பாடசாலைக்குள் நுழைவதாக எண்ணுவதில்லை. ஆயினும் அது உண்மை. ஜனாதிபதி ஆட்சி முறை, பாராளுமன்ற ஆட்சி முறை என்று மாணவர்கள் நெட்டுருப் பண்ணி மறந்துவிடும் இரண்டு பாடங்களும் இங்கே நடைமுறையில் பார்க்கப்பட்டவை.

1866-இல் நகராட்சியாகத் தொடங்கிய மதுரை, 1971 மே 1-ஆம் தேதி மாநகராட்சி ஆயிற்று. தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடி இந்தப் பதவியைப் பெற்ற நகரம் இதுவே. முதல் மேயர் மதுரை முத்து. 1996-ஆம் வருஷத் தேர்தலில் வாக்காளர்களுக்கு இரண்டு வோட்டுக்கள் கிடைத்தன: ஒன்று வார்டுக் கவுன்சிலருக்கு, மற்றொன்று நேராக மேயருக்கு. 2001-லும் அவ்வாறே. 2006-இல் அந்த இரண்டாவது வோட்டு போய்விட்டது. கவுன்சிலர்களே கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011-இல் மீண்டும் நேரடித் தேர்தல். 2019-இல் சட்டம் மறுபடியும் மாறிற்று. 2022 மார்ச் 4-ஆம் தேதி 100 வார்டுகளின் கவுன்சிலர்கள் கூடும் சபையே மேயரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று.

இவ்விரு வழிகளுக்கும் உள்ள வித்தியாசம் என்ன? முதலாவது அமெரிக்கா சென்ற வழி. அங்கே ஜனாதிபதிக்கு ஒரு தேர்தல், காங்கிரஸ் சபைகளுக்கு வேறு தேர்தல். அவருடைய மந்திரிகள் சபை அங்கத்தினர்களாக இருக்கக் கூடாது. பெருங்குற்றம் சாட்டி விசாரித்தாலொழிய, அவரைப் பிடிக்கவில்லை என்பதற்காகச் சபையார் நான்கு வருஷத்துக்குள் அவரை இறக்கிவிட முடியாது.

இரண்டாவது பிரிட்டனின் வழி; டில்லியிலும் அதுவே. பிரதம மந்திரி சபையின் நம்பிக்கை உள்ளவரைதான் பிரதம மந்திரி. 1999 ஏப்ரல் 17-ஆம் தேதி வாஜ்பாயி சர்க்காருக்கு ஆதரவாக 269 வோட்டுக்களும் எதிராக 270 வோட்டுக்களும் விழுந்தன. ஒரே ஒரு வோட்டில் மந்திரி சபை கவிழ்ந்தது.

எது சிறந்தது? அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4-ஆம் தேதி டாக்டர் அம்பேத்கர் இதற்கு விடை சொன்னார். அமெரிக்க முறையில் ஸ்திரத்தன்மை அதிகம். பிரிட்டிஷ் முறையில் பொறுப்பு அதிகம். இரண்டும் சமமாகக் கிடைப்பதில்லை. ஆகவே நகல் சாசனம் பொறுப்பையே அதிகம் நாடியது என்பது அவர் விளக்கத்தின் சாரம். அண்டை நாடான இலங்கை 1978-இல் அதிகாரம் மிகுந்த ஜனாதிபதி பதவியை ஏற்படுத்திக்கொண்டது. பிரதம மந்திரியும் பாராளுமன்றமும் அங்கே இருந்தும், 2022-இல் நாடு கடனில் மூழ்கியபோது, ஜனங்கள் வீதியில் இறங்கிப் போராடிய பிறகே ஜனாதிபதி பதவி விலகினார்.

அப்படியானால் கவுன்சிலர்கள் மேயரைத் தேர்ந்தெடுப்பதே மேல் என்று முடிவு கட்டிவிடலாமா? அதிலும் குறையுண்டு. வோட்டுப் போடும்போது மேயர் யார் என்பது வாக்காளருக்குத் தெரியாது. அது பிற்பாடு கட்சித் தலைமையில் நிச்சயமாகிறது. கேள்வி கேட்க வேண்டியவர்களும் கேட்பார்கள் என்ற உறுதியில்லை. 2024 ஜூலையில் காஞ்சீபுரம் மேயர்மீது கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம், வோட்டெடுப்பு நாளில் கவுன்சிலர்கள் வராமையாலேயே தோற்றுப் போயிற்று.

இவையெல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. மேயருக்கு அங்கியும் சங்கிலியும் உண்டு. சபையில் தலைமை ஆசனமும் உண்டு. ஆனால் நிர்வாக அதிகாரம் ராஜ்ய சர்க்கார் நியமிக்கும் கமிஷனரிடம் இருக்கிறது. எந்த வழியில் தேர்ந்தெடுத்தாலும், மேயர் அமெரிக்க ஜனாதிபதியும் அல்லர், பிரிட்டிஷ் பிரதம மந்திரியும் அல்லர். ஐந்து வருஷத்துக்கொரு முறை ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் நடக்க வேண்டுமென்று 1993-இல் அமலுக்கு வந்த அரசியல் சாசனத் திருத்தம் விதிக்கிறது. ஆனால் 2016 அக்டோபரில் முந்தைய கவுன்சிலின் காலம் முடிந்தபின் 2022 வரையில் அண்ணா மாளிகையில் மேயரும் இல்லை, கவுன்சிலும் இல்லை. அதிகாரிகளே நகரத்தை நடத்தினார்கள். தெருவிளக்கு எரியாவிட்டால், அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாமே தவிர, வோட்டால் பதில் சொல்ல வழியில்லாமற் போயிற்று.

ஆகையால், அடுத்த முறை மதுரைக்கு வரும் அன்பர்கள் தங்கள் குழந்தைகளைத் தல்லாகுளத்துக்கும் அழைத்து வருவார்களாக. பெருமாளைச் சேவித்த பிறகு அண்ணா மாளிகையையும் காட்டி, மூன்று கேள்விகளை அவர்களுக்குக் கற்றுக் கொடுக்கலாம். தலைவரைத் தேர்ந்தெடுப்பவர் யார்? அதிகாரம் உண்மையில் எவர் கையில் இருக்கிறது? அவர் தவறு செய்தால் இறக்கக் கூடியவர் யார்? மூன்றுக்கும் விடை சொல்லத் தெரிந்த பிரஜையை எந்த ஆட்சி முறையிலும் எவராலும் எளிதில் ஏமாற்ற இயலாது.