காசு கொடுத்து வாங்கிய பயம்

பயத்தைக் காசு கொடுத்து வாங்கும் காலம் ஒன்று வரும் என்று என் பாட்டியிடம் யாராவது சொல்லியிருந்தால், அவள் நம்பியிருக்க மாட்டாள். அவளுக்கு அது இலவசமாகவே ஏராளமாய்க் கிடைத்தது. புளியமரத்தில் ஒன்று, பாழுங்கிணற்றில் ஒன்று, செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் அமாவாசைதோறும் ஒன்று என்று எங்கள் ஊரில் பேய்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. இன்றோ நெடுஞ்சாலையோரம் சினிமா ஸெட்டுகளும் கேளிக்கைப் பூங்காக்களும் வந்துவிட்டன. பேயைப் பார்க்க டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கிறது.

'எஸ்கேப் ரூம்' என்று அதற்குப் பெயர். நாலைந்து பேரை ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவார்கள். ஒரு மணி நேரம் கெடு. உள்ளே கிடக்கும் பழைய கடிதத்திலும் கடிகாரத்திலும் ஒளிந்திருக்கும் குறிப்புகளைத் துப்பறிந்து, பூட்டுகளைத் திறந்து வெளியே வர வேண்டும். 2007-ல் ஜப்பானின் கியோட்டோ நகரில் டக்காவோ கட்டோ என்பவர் தொடங்கிவைத்த விளையாட்டு இது. பிறகு உலகமெல்லாம் சுற்றி, பேய் வேஷமும் போட்டுக்கொண்டு, சென்னைக்கும் வந்து சேர்ந்தது.

குழந்தைகளின் தொந்தரவு தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களும் பூந்தமல்லி வழியாக நகரத்துக்குக் கிளம்பினோம். நான், என் மனைவி, மகள், தங்கை, அவள் பிள்ளை ஆக ஐந்து பேர். அறைக்குள் நுழையுமுன் என் தங்கை அங்கிருந்த பையனை நிறுத்தினாள்.

"தம்பி, கரண்டு போயிட்டா இந்தக் கதவு திறக்குமா?"

"கேமராவிலே நாங்க பார்த்துக்கிட்டே இருப்போம், அக்கா."

"நீங்க பார்க்கிறது இருக்கட்டும். நாங்க திறக்க முடியுமா?"

அவன் கதவோரம் இருந்த சிவப்புப் பொத்தானைக் காட்டினான். அவள் அமுக்கிப் பார்த்தாள். கதவு திறந்தது. "அம்மா, மானத்தை வாங்காதே!" என்றான் பிள்ளை.

உள்ளே இருட்டு. எங்கோ ஒரு குழந்தை அழுதது. சாய்வு நாற்காலி தானாக ஆடியது. கதைகளில் எத்தனையோ மர்மங்களை அவிழ்த்த எனக்கு ஒரு குறிப்பும் பிடிபடவில்லை; என் மகள்தான் மூன்று பூட்டுகளைத் திறந்தாள். எல்லாரையும்விட அதிகமாக அலறியதும், அலறிவிட்டுச் சிரித்ததும் என் தங்கைதான். எட்டு நிமிஷம் மிச்சம் வைத்து வெளியே வந்தோம்.

அவள் பொத்தானை அமுக்கிப் பார்த்ததன் காரணம் எனக்குத் தெரியும். 2015 டிசம்பர் 1-ந் தேதி இரவு, 24 அடி ஆழமுள்ள எங்கள் ஏரி நிரம்பி, அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் இறங்கிற்று. அவள் அப்போது ஆற்றையொட்டி மணப்பாக்கத்தில், கீழ்த்தளத்தில் குடியிருந்தாள். கரண்டு இல்லை, டெலிபோன் இல்லை. இடுப்பில் ஐந்து வயதுப் பிள்ளை. வெளிப்புறமாகத் திறக்கும் இரும்புக் கிரில் கதவு, தண்ணீரின் அழுத்தத்தில் அசையவில்லை. மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து வெளியிலிருந்து இழுத்த பிறகுதான் திறந்தது. அந்த இரவில் யாரும் அலறவில்லை என்று அவள் சொல்வாள். நிஜமான பயத்துக்குக் குரல் கிடையாது போலும்.

விலைக்கு வாங்கும் பயத்தில் இருக்கும் இன்பமெல்லாம் கதவு திறக்கும் என்ற நம்பிக்கையில் இருக்கிறது. 2019 ஜனவரி 4-ந் தேதி, போலந்து நாட்டின் கோஷலின் நகரில், பிறந்த நாள் கொண்டாட இத்தகைய அறைக்குள் போன பதினைந்து வயதுச் சிறுமிகள் ஐந்து பேர் வெளியே வரவேயில்லை. அடுத்த பகுதியில், அறையைச் சூடாக்கும் கருவியிலிருந்து எரிவாயு கசிந்து தீப்பிடித்தது. தப்ப வேறு வழி இல்லாமல் புகையில் மாண்டார்கள். அதன் பிறகுதான் அந்நாட்டு அதிகாரிகள் இத்தகைய அறைகளைச் சோதித்துப் பலவற்றை மூடினார்கள்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்போது அடுத்த பேய் அறைக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் தடுக்கவில்லை. பயந்து சிரிப்பதும் அந்த வயசுக்கு வேண்டியதுதான். ஒரே ஒரு நிபந்தனை: என் தங்கை கேட்ட கேள்வியை, டிக்கெட் வாங்குமுன் அவர்களே கேட்க வேண்டும். அதனால் மானம் போகுமென்றால் போகட்டும்.