ரிச்சி தெருவில் 30,000 ரூபாய்... பாட்டிக்குக் கேட்கிற மாதிரி ஒரு ஆடியோ சிஸ்டம்!

டெல்லிக்கு நேரு பிளேஸ், பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு என்றால், சென்னைக்கு ரிச்சி தெரு. அண்ணா சாலையை ஒட்டி, கேசினோ தியேட்டருக்கு அருகில் இருக்கும் சின்னத் தெரு இது. ஆனால், சுற்றியுள்ள நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் சாலை எல்லாவற்றையும் சேர்த்தே 'ரிச்சி ஸ்ட்ரீட்' என்றுதான் மக்கள் சொல்கிறார்கள். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கும் தூரம்தான்.

தெருவில் நுழைந்ததுமே, "என்ன சார் பாக்கறீங்க? சிசிடிவியா, லேப்டாப்பா, ஹோம் தியேட்டரா?" என்று குரல்கள் சூழ்ந்துகொள்கின்றன. பைக்குகளுக்கும் அட்டைப்பெட்டி சுமந்து வருபவர்களுக்கும் வழிவிட்டு நடந்தால், ஒவ்வொரு கடையிலிருந்தும் ஒவ்வொரு பாட்டு. எந்த ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர் என்று இந்த இரைச்சலில் யாருக்குத் தெரியும்?

அந்தக் குழப்பத்தோடுதான் செங்கல்பட்டிலிருந்து வந்த ஓர் அப்பாவையும் கல்லூரியில் படிக்கும் அவர் மகளையும் சந்தித்தேன். கையில், சீட்டு எடுத்த பணம் 30,000 ரூபாய். அப்பாவுக்கு இளையராஜா, மகளுக்கு பேஸ் அதிரும் பாட்டு. வீட்டில் 78 வயதுப் பாட்டிக்கோ, சீரியலில் யார் என்ன பேசுகிறார்கள் என்பதே புரிவதில்லை. அவர்கள் அனுமதியோடு நானும் கூடவே நடந்தேன்.

"தெருவே அதிரும் சார்!"

முதல் கடையில் ஐந்து ஸ்பீக்கர், ஒரு பெரிய வூஃபர். பெட்டியில் '5,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ' என்று கொட்டை எழுத்து. "தெருவே அதிரும் சார்!" என்றார் விற்பனையாளர்.

"தெரு அதிர வேணாம் தம்பி. எங்கம்மாவுக்கு டிவியில பேசறது புரியணும்" என்றார் அப்பா.

பி.எம்.பி.ஓ என்ற கணக்குக்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட அளவுகோல் கிடையாது. எந்த எண்ணையும் அச்சிடலாம். நாம் பார்க்க வேண்டியது 'ஆர்.எம்.எஸ்' வாட்ஸ். தொடர்ந்து எவ்வளவு சக்தி கிடைக்கும் என்பதை அதுதான் சொல்லும்.

மாடிக் கடையின் கேள்விகள்

அடுத்து ஏறியது, ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்து தரும் ஒரு மாடிக் கடை. சால்டரிங் புகை, சுவரோரம் அடுக்கிய டிரான்ஸ்ஃபார்மர்கள். நரைத்த தாடியோடு உட்கார்ந்திருந்த டெக்னீஷியன் பட்ஜெட்டைக் கேட்கவில்லை. "ஹால் எவ்வளவு பெருசு? அம்மா எங்க உக்காருவாங்க?" என்றுதான் கேட்டார்.

12-க்கு 14 அடி ஹால். பாட்டியின் இடம் ஜன்னலோர ஈஸி சேர்.

"இந்த ஹாலுக்கு சேனலுக்கு 50 வாட்ஸ் தாராளம். அதையே 100 ஆக்குனாலும் 3 டெசிபல்தான் கூடும். காதுக்குக் கொஞ்சம்தான் வித்தியாசம் தெரியும். அந்தக் காசை ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார்.

காரணம் இருக்கிறது. ஒரு வாட் சக்தியில், ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் தரும் ஸ்பீக்கரைவிட, 90 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்குப் பாதி சக்தி போதும். ஸ்பீக்கர் வாங்கும்போது இந்த 'சென்சிட்டிவிட்டி' எண்ணைக் கேளுங்கள்.

பாட்டியின் பிரச்னைக்கும் விடை அங்கேயே கிடைத்தது. வயதாகும்போது மெல்லிய, உயர்ந்த ஒலிகள்தான் காதுக்கு முதலில் குறையும். 'ச', 'த', 'ப' போன்ற எழுத்துகளைப் பிரித்துக் கேட்க அந்த ஒலிகள் வேண்டும். வூஃபர் தருவதோ அடி ஒலி மட்டும். மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்ப்பக்கமோ, பின்பக்கமோ பார்த்தபடி இருப்பதால் பேச்சு இன்னும் கலங்கிவிடுகிறது. காது உயரத்தில், கேட்பவரைப் பார்த்தபடி வைக்கும் ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கர் இதில் பாதியைச் சரிசெய்துவிடும்.

பணம் போன வழி

கடைசியில் அப்பா ஒரு துண்டுச்சீட்டில் கணக்குப் போட்டார். ஸ்பீக்கர் ஜோடிக்கு 16,000. ப்ளூடூத்தும், டிவியை இணைக்க ஆப்டிகல் வசதியும் உள்ள ஆம்ப்ளிஃபயருக்கு 8,000. வயர், ஸ்டாண்டுக்கு 1,000. பத்தடி தூரத்துக்குச் சாதாரண செம்பு வயரே போதும். தங்க முலாம் பூசிய கேபிளுக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

மகளின் முகம் வாடியது. "அப்போ வூஃபர்?"

"இந்த ஆம்ப்ல 'சப் அவுட்' இருக்கும்மா. அடுத்த தீபாவளிக்கு வாங்கிச் சொருகிக்கலாம். இப்போதைக்கு ஸ்பீக்கரை சுவர் பக்கம் கொஞ்சம் தள்ளி வை, பேஸ் தானா ஏறும்" என்றார் டெக்னீஷியன். கூடவே, "பாட்டி நாற்காலியை ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல போடுங்க. அதுக்குக் காசே வேணாம்" என்றார்.

"பாட்டி ஜன்னலை விட்டு நகராது."

"அப்போ டிவியை நகர்த்துங்க!"

எல்லோரும் சிரித்து முடித்ததும் அவர் மெதுவாகக் கேட்டார்: "அம்மாவை ஒரு தடவை காது டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

அப்பா பதில் சொல்லவில்லை. மிச்சம் இருந்த 5,000 ரூபாயை எண்ணித் தனியாக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நீங்கள் போகிறீர்களா?

* உங்களுக்குப் பழக்கமான பாட்டை செல்போனில் கொண்டுபோங்கள். கடைக்காரர் போடும் 'டெமோ' பாட்டில் எந்த ஸ்பீக்கரும் நன்றாகத்தான் ஒலிக்கும்.
* குறைந்த சத்தத்திலும் கேளுங்கள். செய்தி வாசிப்பு ஒன்றையும் போட்டுப் பாருங்கள். வீட்டில் அதிகம் கேட்பது பேச்சுதான்.
* இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது ஒரே சத்த அளவில் வையுங்கள். கூடுதல் சத்தமாக இருப்பதே நல்லதாகத் தோன்றும்.
* மூன்று கடையிலாவது விலை கேளுங்கள். ஜி.எஸ்.டி பில்லும் வாரன்ட்டியும் கைக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள்.
* ஹாலின் நீள அகலத்தையும், வீட்டில் யார் எங்கே உட்காருவார்கள் என்பதையும் எழுதி எடுத்துப் போங்கள். நல்ல கடைக்காரர் முதலில் அதைத்தான் கேட்பார்.