ஒரு மாதம், மூன்று நாவல்கள்

ஒரு மாதத்துப் புனைவு வாசிப்பைத் திரும்பிப் பார்க்கும் வாசகருக்கு நினைவில் எஞ்சுவது பெரும்பாலும் கதைச்சுருக்கம் அன்று, காலத்தின் நடையே ஆகும். ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' (1974) கந்தன் என்பவனின் ஒரே நாளுக்குள் அடங்கிவிடுகிறது. எனவே, நிகழ்ச்சிகள் நடந்தேறும் பொழுதைக் குறிக்கும் கதைக்காலமும், படித்து முடிக்க ஆகும் வாசிப்புக்காலமும் ஏறத்தாழ ஒன்றையொன்று தொட்டுவிடுகின்றன.

பூமணியின் 'வெக்கை' (1982) கொலையில் தொடங்கினாலும், அதன் பெரும்பகுதி, பதினைந்து வயதுச் சிதம்பரமும் அவன் தந்தையும் காட்டில் ஒளிந்து திரிந்து, கிடைத்ததைச் சமைத்துண்டு, பழங்கதை பேசிக் கழிக்கும் பொழுதுகளால் ஆனது என்பதும், வன்முறையைவிட அந்தச் சோற்றின் மணமே நெடுநாள் தங்குகிறது என்பதும் கவனிக்கத்தக்கவை. (இந்நாவலைத் தழுவிய 'அசுரன்' திரைப்படத்தை முன்னரே பார்த்துவிட்டவர்கள் இந்த நிதானத்தை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.)

அசோகமித்திரனின் 'தண்ணீர்' சென்னைத் தெருவொன்றின் குடிநீர்ப் பஞ்சத்தைப் பேசுவது. குடத்தோடு அலையும் ஜமுனாவின் துயரம் எங்கும் குரல் உயர்த்தாத உரைநடையில் சொல்லப்படுவதால், மாத இறுதியில் அவசரமாகப் படிக்கப்பட்ட அந்நாவலே மறுவாசிப்பை முதலில் கோருகிறது.