யாளிக்குக் கீழே ஒரு தையல் மிஷின்

அளவு ஜாக்கெட்டை மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு அம்மா கிளம்பினால், புதுமண்டபத்துக்குத்தான் என்று எனக்குத் தெரிந்துவிடும். மதுரைக் கீழவாசலில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி, விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடைகளை அம்மா வெறுங்கண்ணால் ஒரு சுற்று வாங்கி முடித்து, அம்மன் சன்னதித் தெருவுக்குள் நுழைவோம். உங்களுக்கும் அந்த வழி மறந்திருக்காது. தாழம்பூ குங்குமம், மரிக்கொழுந்து, பருத்திப்பாலில் கொதிக்கும் சுக்கு, சைக்கிள் ரிக்‌ஷாக்காரரின் பீடி எல்லாம் சேர்ந்து ஒரே வாசனையாக வரும். கண்ணைக் கட்டிவிட்டிருந்தாலும் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன்.

உள்ளே காலை வைத்ததும் கருங்கல்லின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும். மேலே வௌவால் வாடை, கீழே புதுத்துணியின் கஞ்சி வாடை. அப்புறம் அந்தச் சத்தம்! வரிசையாக மிஷின்கள் ஓடுகிற கடகடப்பு கல்கூரையில் முட்டித் திரும்பி வரும்போது, ஆடிமாதத்து வைகைப் பாலத்தில் ரயில் போவது மாதிரி இருக்கும். திருமலை நாயக்கர் 1630-களில் அம்மனின் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம் அது. ‘புது’ என்ற பெயர் மட்டும் நானூறு வருஷமாகப் பழசாகவில்லை.

எங்களுக்கு வாடிக்கை ஒரு பாய். கல்யானைக்குக் கரும்பு ஊட்டுகிற சிற்பத்திலிருந்து ரெண்டு தூண் தள்ளி அவர் மிஷின். தைத்து முடித்த ஜாக்கெட்டுகளை யாளியின் கால் நகத்தில் கட்டிய கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்.

“போன தடவ கை பிடிக்கிது பாய்.”

“நீ ஒரு சுத்துப் பெருத்துட்டு என்னையக் கொறை சொல்லாத தாயி. உள்ள துணி விட்டுருக்கேன், கொண்டா, பிரிச்சுத் தாரேன்.”

அம்மா சிரித்துவிடுவாள். காஜா எடுக்கிற பையன் என்னை விட ரெண்டு மூணு வயசு மூத்தவன். வாயில் நூலைக் கடித்துக்கொண்டே என் டவுசர் பட்டனைப் பார்த்து, “ஒண்ணு ஆடுது, வா” என்று காசில்லாமல் தைத்துக் கொடுப்பான். அம்மா பேரம் பேசி முடிக்கிற வரைக்கும் நான் அந்த யானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அதன் துதிக்கை எண்ணெயும் கைபட்ட அழுக்கும் ஏறி மினுமினுவென்றிருக்கும். தடவிக்கொடுத்தால் உயிருள்ள தோல் மாதிரி வழுக்கும்.

மண்டபத்துக்கும் பருவங்கள் உண்டு. பள்ளிக்கூடம் திறக்கிற ஆனிமாதம் காக்கியும் வெள்ளையும். பக்கத்திலேயே பழைய புஸ்தகக் கடைகளில் அட்டை போன கோனார் உரைக்கு அடிபிடி. ஐப்பசியில் தீபாவளித் துணி. ஆனால் பங்குனி பிறந்துவிட்டால் மண்டபமே சிவப்பும் மஞ்சளுமாகிவிடும். சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கான சல்லடம், உருமா, கச்சை, ஜிகினாப் பட்டை எல்லாம் மலைமலையாகக் குவியும். ஒரு வருஷம் எனக்கும் நேர்த்திக்கடன். மாமா அழைத்துப்போனார். பாய் என்னை மிஷின் பலகையில் ஏற்றி நிறுத்தி, இடுப்பைச் சுற்றி அளந்து, சல்லடத்தின் ஓரத்தில் ஒவ்வொரு சலங்கையாகக் கோத்தார். ஒன்று கோத்ததும் ஒருமுறை உலுக்கிக் காதோடு வைத்துப் பார்ப்பார். சத்தம் மந்தமாக இருந்தால் பிரித்துவிட்டு வேறொன்று. “அழகரு ஆத்துல எறங்கும்போது கேக்கணும்ல?” என்றார். அழகர் உடுப்பைப் பாய் தைப்பதை அன்றைக்கு யாரும் ஒரு சேதியாகச் சொன்னதில்லை.

மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்குக் கொண்டுவந்து, அழகர் ஆற்றில் இறங்குவதோடு சேர்த்தது நாயக்கர்தான் என்பது ஊரில் வழிவழியாகச் சொல்கிற கதை. அறுப்பு முடிந்த குடியானவர்கள் அப்போதுதான் வண்டி கட்டிக்கொண்டு வர முடியும், தேர் இழுக்க ஆள் சேரும் என்பார்கள். வெளியூர்க்காரரை வரவழைக்கும் திட்டம் என்று பார்த்தால் அதுவும் திட்டம்தான். வந்தவர்கள் தங்க மங்கம்மாள் சத்திரம். அவர்கள் வாங்கிப்போகத் தெருவெல்லாம் கடை. வெள்ளைக்காரர் காலத்தில் பிளாக்பர்ன் கலெக்டர் கோட்டையை இடித்து, அகழியைத் தூர்த்து, வெளிவீதிகளைப் போட்டார். நாம் அவருக்குத்தான் விளக்குத்தூண் வைத்தோம். இந்த ஊர் மாற்றத்துக்கு முகம் சுளிக்கிற ஊரல்ல.

அதனால்தான் இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. 2016-ல் மதுரை ஸ்மார்ட் சிட்டிப் பட்டியலில் வந்தது. சித்திரை வீதிகளுக்குக் கல் பாவினார்கள். ஆவணி மூல வீதிப் பக்கம் அடுக்கு மாடியில் கார்கள் ஏறின. 2018 பிப்ரவரி 2 ராத்திரி மீனாட்சி கோயில் வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைகளில் தீப்பிடித்தபோது ஊரே நெஞ்சில் கைவைத்துக்கொண்டு நின்றது. கல்மண்டபத்துக்குள் கடை இருப்பதன் பயத்தை அதற்குப் பிறகு யாரும் மறுக்க முடியாது. புதுமண்டபத்திலும் தூணில் ஆணி அடித்தவர்கள் உண்டு, சிற்பத்தின் மேலேயே ஒயர் இழுத்தவர்கள் உண்டு. அந்தச் சலங்கைக்காக ஒரு தூண் கரிந்துபோகட்டும் என்று நான் கேட்க மாட்டேன். கடைகளைக் காலிசெய்து பக்கத்துக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். வெளியூர்க்காரன் படுத்து எழுந்துபோக இருந்த சத்திரத்து இடத்தில், இன்றைக்கு உள்ளூர்க்காரர்கள் ஒதுங்கியிருக்கிறார்கள்.

போன ஆனியில் போயிருந்தேன். சித்திரை வீதி பளிச்சென்றிருந்தது. வெயில் ஏறிய கல்லில் கால் பொரிந்தது. பேட்டரி வண்டி ஓசையில்லாமல் வந்து பின்னால் நின்றது. வழிகேட்டு நிறுத்தினால் ஊர்க்கதை முழுக்கச் சொல்லுகிற ரிக்‌ஷாக்காரர் ஒருவரும் கண்ணில் படவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று மண்டபத்தைப் பார்த்தேன். அடைசலில்லாமல் யாளிகள் முதல்முறையாக முழுசாகத் தெரிந்தன. அழகுதான், பொய் சொல்லக் கூடாது. பக்கத்தில் ஒரு வடநாட்டுக் குடும்பம் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தது. முன்னெல்லாம் வெள்ளைக்காரர்கள் அந்த இடத்தில் உட்கார்ந்து, காலையில் அளவு கொடுத்துச் சாயங்காலம் ஜிப்பா வாங்கிப்போவார்கள். அந்த நேரத்துக்குள் பாய் கடை டீயும் குடித்திருப்பார்கள்.

சத்திரத்தில் பாயைத் தேடினேன். அவர் இல்லை. காஜா எடுத்த பையன் இருக்கிறான். தலை நரைத்துவிட்டது, இப்போது அவனைத்தான் எல்லாரும் பாய் என்கிறார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் மோட்டார் மாட்டிய மிஷின். “மண்டபத்துல மழைக்கு ஒதுங்குனவுங்ககூட ஒரு ஜாக்கெட்டுக்கு அளவு குடுத்துட்டுப் போவாங்கண்ணே. இங்க மாடியேறி யாரு வர்றா?” என்றான்.

அடுத்த தடவை ஊருக்குப் போனால் அளவு ஜாக்கெட் ஒன்றை மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். மாடிதான், கொஞ்சம் ஏறணும். காஜா இன்னமும் கையால்தான் எடுக்கிறான்.