காலிக் கூடு

டெக்சாஸில் சின்ன மாமா வீட்டு கார் கொட்டகைக்குள் நுழைந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மேசையில் கைப்பிடி வைத்த இரும்பு அழுத்தி ஒன்று. பக்கத்தில் ஐஸ்கிரீம் டப்பா நிறைய, சுட்டு முடித்த பித்தளைக் கூடுகள்.

"9 எம்எம் தோட்டா லா. வீட்டிலேயே திரும்ப ரொப்புறேன். இங்க இது, நம்ம ஊர்ல தூண்டில் போடுற மாதிரி."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் தாத்தா பால்மரம் சீவியவர். 1948-இல் அவசரகாலம் வந்த பிறகு, தீம்பாரில் கிடந்த ஒரு தோட்டாக் கூட்டை அவர் விளையாட்டாக லயத்துக்குக் கொண்டுவந்தாராம். பாட்டி அன்றிரவே அதைக் கக்கூஸ் குழியில் போட்டுவிட்டார். அனுமதியில்லாத ஆயுதத்துக்குத் தூக்கு என்றிருந்த காலம். அவசரகாலம் 1960-இல் முடிந்தது. பாட்டியின் பயம் முடியவில்லை. அதை எங்களுக்கும் ஊட்டித்தான் வளர்த்தார்.

மாமாவின் கவலை வேறு. முதல் நாள் செய்த பத்துத் தோட்டாக்களில் நான்கு, கழற்றி வைத்த துப்பாக்கிக் குழலுக்குள் முழுசாக இறங்கவில்லை.

"திரும்ப அழுத்திப் பார்த்தா என்ன மாமா?"

அவர் முகம் மாறியது. "மருந்து ரொப்பினத அச்சுல விடவே கூடாதுடா. மொதல்ல பிரிக்கணும்." சுத்தியல் மாதிரி இருந்த கருவிக்குள் ஒவ்வொன்றாக மாட்டித் தட்டினார். குண்டும் மருந்தும் கழன்று விழுந்தன.

பிறகு சுட்ட கூடுகளில் சிலவற்றை எடுத்தார். சுடும்போது பித்தளை விரிந்துவிடும். அதைப் பழைய அளவுக்குச் சுருக்குவதுதான் அச்சின் வேலை. சுருக்கிய வெறும் கூட்டைக் குழலில் போட்டார். அதுவே இறங்கவில்லை. "அப்ப குண்டு மேலயும் தப்பில்ல, வாய மடிச்சதுலயும் தப்பில்ல. மொத படியிலேயே கோளாறு."

அளவுகோலை வைத்தார். வாய்ப்பக்கம் சரி. அடிப்பக்கம் 9.93 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டியது, கொஞ்சம் புடைத்திருந்தது. அச்சு அடிவரை எட்டவில்லை.

கைப்பிடியை வெறுமனே இறக்கிப் பார்த்தால் அச்சுக்கும் கூட்டைப் பிடிக்கும் தாங்கிக்கும் நடுவே இடைவெளி தெரியவில்லை. கூட்டை வைத்து இறக்கியபோது வெளிச்சம் தெரிந்தது. பாரம் ஏறியதும் இரும்பே கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது! பூட்டு வளையமும் தளர்ந்திருந்தது. அச்சை மெல்லத் திருகி இறக்கினார், தாளளவு இடைவெளி விட்டு. உள்ளே இருக்கும் கார்பைடு வளையம் இடிபட்டால் விரிசல் விடுமாம். அடுத்த கூடு 'டக்'கென்று இறங்கியது. தலைகீழாகப் பிடித்ததும் தானே விழுந்தது. வாயில் கீறல் விட்ட இரண்டு கூடுகளைக் குப்பையில் போட்டார்.

"பயம் நல்லதுதான்டா. ஆனா எதுக்குப் பயப்படணும்னு தெரிஞ்சுக்கணும்."

ஊருக்குக் கிளம்பும் இரவு, துணி மடிக்கும்போது காற்சட்டைப் பையில் ஏதோ உருண்டது. ஒரு காலிக் கூடு. எப்போது போட்டுக்கொண்டேன் என்று நினைவில்லை. மருந்தில்லை, குண்டில்லை, வெறும் பித்தளை. கேஎல்ஐஏ சுங்க மேசை கண்முன் வந்தது.

கொட்டகைக்குப் போய் டப்பாவில் போட்டுவிட்டு வந்தேன். இரண்டு தடவை கை கழுவினேன். பாட்டி இருந்திருந்தால் மூன்று தடவை கழுவச் சொல்லியிருப்பார்.