வெறும் வேடிக்கை எண்

2147483647. பத்து இலக்கம். இருநூற்றுப் பதினாலு கோடிக்கு மேல. பிடிச்ச எண் எது எண்டு கேட்டால் இதைத்தான் சொல்லுவன்.

முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி, வரும் விடையில் ஒன்றைக் கழித்தால் இந்த எண் கிடைக்கும். இது ஒரு முதன்மை எண்: ஒன்றும் தானும் தவிர வேறு எதுவும் இதை மீதியில்லாமல் வகுக்காது. 1772 இல் இதை நிறுவியவர் ஒய்லர். அப்போது அவருக்குக் கண்பார்வை பெரும்பாலும் போய்விட்டிருந்தது. கணினி இல்லை. காரணி ஏதும் இருந்தால், அதை 248 ஆல் வகுக்கும்போது மீதி 1 ஆகவோ 63 ஆகவோதான் வரவேண்டும் என்று முதலில் காட்டினார். ஆயிரக்கணக்கில் பார்க்கவேண்டிய வகுத்தல்கள், கூடினால் 372 ஆகக் குறைந்தன.

இந்த எண்ணில் இருந்து ஒரு நிறைவெண்ணும் பிறக்கிறது. 6 இன் காரணிகளான 1, 2, 3 ஐக் கூட்டினால் திரும்ப 6 வருகிறதல்லவா, அந்த மாதிரி. 2305843008139952128 அப்படியானது. இதைவிடப் பெரிய நிறைவெண்ணை ஒருவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று 1811 இல் பீற்றர் பார்லோ எழுதினார். காரணம்? இவையெல்லாம் வெறும் வேடிக்கை, பிரயோசனம் இல்லாதவை, ஆர் மினக்கெடப் போகினம் என்பதுதான்.

பார்லோவும் ஒரு கணிதக்காரர். அதுதான் எனக்கு உறைத்தது. ஏனென்றால் நான் சிறப்புக் கற்கைக்குக் கணிதத்தைத் தெரிவு செய்தபோது பெரியம்மா கேட்டதும் இதையேதான். "பிள்ளை, இதப் படிச்சு என்ன வேலை எடுக்கப் போறாய்?" அவவில் பிழையில்லை. 2022 இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் கியூவில் நின்ற நாட்டில் அது நியாயமான கேள்வி.

சுலபமான பதில் ஒன்று இருக்கிறது. 32 பிட்டில் குறியோடு சேமிக்கக்கூடிய மிகப் பெரிய எண் இதுதான். 2014 இல் 'கங்னம் ஸ்டைல்' பாட்டின் பார்வைகள் இதைத் தாண்டப் போய், யூடியூப் தன் எண்ணியை மாற்றவேண்டி வந்தது. 1970 இலிருந்து நொடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய கணினிகளின் நேரம், 2038 ஜனவரி 19, எங்கட நேரப்படி காலை 8:44:07 உடன் முடிகிறது.

ஆனால் அந்தப் பதில் நேர்மையானதில்லை. இந்த இரண்டு இடத்திலும் எண் முதன்மையாக இருப்பதால் ஒன்றும் நடக்கவில்லை. 64 பிட்டுக்கான எல்லை எண் 7 ஆல் வகுபடும். அதுவும் நல்லாத்தான் வேலை செய்கிறது. ஒய்லரின் உழைப்பு உண்மையில் உதவுவது வேறு இடத்தில். கணினியில் எழுமாற்று எண்களை உருவாக்க, 16807 ஆல் பெருக்கி இந்த எண்ணால் வகுத்து மீதியை எடுக்கும் ஒரு முறை உண்டு. 1988 இல் பார்க்கும் மில்லரும் அதைப் பரிந்துரைத்தார்கள். ஒரு எண்ணும் விடுபடாமல், 2147483646 மீதிகளும் வந்து முடிந்த பிறகுதான் அது முதல் எண்ணுக்குத் திரும்பும். எண் முதன்மையாக இல்லாவிட்டால் அது நடக்காது.

ஒய்லருக்கும் அதுக்கும் இடையில் இருநூறு வருசம். அவர் அதுக்காகச் செய்யவும் இல்லை. முதன்மை, நிறைவு என்பவை எண்ணின் குணங்கள். 1772 இலும் அதுதான், இண்டைக்கும் அதுதான். 'பிரயோசனமில்லை' என்பது எண்ணின் குணமில்லை, அந்தந்தக் காலத்து ஆக்களின் கணக்கு. வேலை கிடைக்குமா எண்டதுக்கு என்னட்ட இன்னும் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை வைத்து எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக்கூடாது என்று பிரிக்க எனக்கு மனமில்லை.